பிறவிக் கண்

ஒன்பது வயதுப் பையன் ஒருவனுடைய இடது கண்ணை நான் சிறிதாக்கினேன். இருபது நிமிட வேலை. கத்தியால் செய்யவில்லை, கொம்பியூட்டரில் செய்தேன். கத்தியால் செய்திருந்தால் மறியலில் கம்பி எண்ணியிருப்பேன். இப்போதும் குருநகரில் என்னைக் காண்கிறவர்கள் "என்ன லெனாட், சுகமோ?" என்றுதான் கேட்கிறார்கள். நானும் பல்லைக் காட்டிவிட்டுப் போகிறேன்.

எனக்கு ஒரு ஸ்ரூடியோ இருக்கிறது. இருபத்தேழு வருடமாக இந்தப் பங்கில் ஞானஸ்நானம், புதுநன்மை, கலியாணம், செத்தவீடு எல்லாவற்றுக்கும் நான்தான் படம் பிடிக்கிறேன். முகத்துப் பருவை எடுப்பது, கறுத்த பெண்ணை வெளுக்க வைப்பது, மாப்பிள்ளையின் சொட்டையில் மயிர் முளைக்க வைப்பது எல்லாம் அன்றாட வேலை. பாவசங்கீர்த்தனத்தில் இவற்றை ஒருநாளும் சொன்னதில்லை. இதுவும் பாவமா என்று பங்குச் சுவாமியிடம் கேட்டதுமில்லை. கேட்டால் சொல்லிவிடுவார் என்று பயம்.

எமில்ராஜ் லூர்த்தம்மாவின் ஒரே பிள்ளை. லூர்த்தம்மாவை நான் அக்கா என்பேன். சொந்தமில்லை, இரண்டு வீடு தள்ளி இருக்கிறவர். புருசன் இளைப்பு வந்து செத்த பிறகு மீன் வாடியில் கருவாடு காயவைத்து மகனை வளர்த்தவர். எமில் அடுத்தவனுடைய படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தான். வலை போட்டால் அள்ளிக்கொண்டு போக இழுவைப்படகுகள் வரும், இல்லாவிட்டால் காற்று வரும். இருபத்தொன்பது வயதில் அவனிடம் சொந்தமாக இருந்தது ஒரு சைக்கிளும் நல்ல சிரிப்பும்தான்.

அந்தச் சிரிப்பை நான் பிடித்த படத்தில் பார்த்துத்தான் பாரிஸில் இருந்த லவீனா சம்மதித்தாள். லவீனாவுக்கு இங்கே இருக்கும் ஒரே சொந்தம் அவளுடைய பெரியம்மா றெஜினா. மாப்பிள்ளையை ஆராய்கிற பொறுப்பு முழுக்க றெஜினாவின் தலையில். அந்த மனுசியும் அதைச் சும்மா செய்யவில்லை. எமில் எந்தப் படகில் போகிறான், யாரோடு தேத்தண்ணி குடிக்கிறான், ஞாயிறு பூசையில் எந்த வாங்கில் இருக்கிறான் என்பதுவரை விசாரித்து முடித்தார். எல்லாம் சரி. கலியாணப் பதிவுக்கு நாள் பார்த்தாகிவிட்டது.

பதிவுக்குப் படம் எடுக்க வேண்டும் என்று எமில் ஒரு சனிக்கிழமை என் பக்கத்துக் கடையில் தலைமயிர் வெட்டப் போனான். அது றொகானின் சலூன். றொகான் மயிர் வெட்டி முடித்தால் சும்மா விடமாட்டான். நெற்றியைப் பிடித்து அமத்துவான், தோளில் குத்துவான், கடைசியில் நாடியை ஒரு கையாலும் பிடரியை மறு கையாலும் பிடித்து வலப்பக்கம் ஒருக்கா, இடப்பக்கம் ஒருக்கா 'டக்'கென்று நெட்டி முறிப்பான். அந்தச் சத்தம் என் கடைக்குள் கேட்கும். அதற்காகவே அவனிடம் போகிறவர்கள் இருக்கிறார்கள். நானும் போகிறவன்தான். இப்போது இல்லை.

மூன்று நாள் கழித்துத்தான் எமில் படத்துக்கு வந்தான். கழுத்தை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு இருந்தான்.

"நிமிர்ந்து இரடா. பாரிஸுக்குப் போறவன் பதுங்கிக்கொண்டு இருக்கிறாய்."

"ஏலாமல் கிடக்கு மாமா. இடப்பக்கம் கழுத்துக்குள்ளை ஆரோ ஊசியாலை குத்திறமாதிரி. மண்டையும் இடிக்குது."

"படகிலை பிரட்டிப் படுத்திருப்பாய். ரெண்டு பனடோலைப் போடு."

இதுதான் நான் சொன்ன வைத்தியம். படத்தைத் திரையில் பெருப்பித்தபோது இடது கண் சிறுத்துத் தெரிந்தது. இமையும் ஒரு நூலளவு தாழ்ந்திருந்தது. உள்ளே பார்த்தால் கண்மணிகள் இரண்டும் இரண்டு அளவு. நம்முடைய ஆட்களின் கண் கறுப்பு, கண்மணி சட்டென்று தெரியாது. எனக்குத் தெரியும், நான் இருபத்தேழு வருடமாகக் கண்ணைத்தான் பார்க்கிறேன். கமராவில் வெளிச்சம் கூடினால் துவாரத்தைச் சுருக்குவோம், இருட்டினால் விரிப்போம். கண்மணி அதைத் தன்பாட்டில் செய்கிறது, இரண்டு பக்கமும் ஒன்றாகச் செய்கிறது. எமிலின் வலது கண் மங்கல் வெளிச்சத்துக்கு விரிந்திருந்தது. இடது விரியவில்லை. நித்திரை இல்லாத கண் என்று நினைத்துக்கொண்டு படத்தை அச்சடித்துக் கொடுத்தேன்.

றெஜினாவின் கண்ணில் அது அந்த ஞாயிற்றுக்கிழமை பட்டது. முந்தின மாதம் பங்கு மண்டபத்தில் போதைப்பொருள் பற்றி ஒரு கூட்டம் வைத்திருந்தார்கள். குடு அடிக்கிறவனுக்குக் கண்மணி ஊசிமுனை மாதிரிச் சிறுத்துவிடும் என்று பேசவந்தவர் சொல்லியிருந்தார். அதைக் கேட்ட நாளிலிருந்து எங்கள் பங்கில் பாதிப்பேர் பொலிஸ், மீதிப்பேர் டொக்டர். றெஜினா இரண்டும். பூசை முடிந்து லூர்த்தக்கா வீட்டுக்கு வந்தவர், தேத்தண்ணிக் கோப்பையை வைத்துவிட்டு, போனில் ரோர்ச்சைப் போட்டு எமிலின் முகத்துக்கு நேரே பிடித்தாராம்.

"இந்தக் கண் என்ன தம்பி சின்னனாக் கிடக்கு?"

குடு அடித்தவனுக்கு இரண்டு கண்மணியும் அல்லவா சிறுக்கும்? ஒரு கண்ணுக்கு மட்டும் ஏறுகிற குடுவை இன்னும் ஒருவரும் காய்ச்சவில்லை. இதைச் சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இரண்டு வாரத்துக்கு முதல் கண் நன்றாக இருந்தது, இப்போது திடீரென்று இப்படி என்று உள்ளதைச் சொன்னால், பழக்கம் புதிதாகப் பிடித்திருக்கிறது என்று ஆகிவிடும். லூர்த்தக்கா ஒரு நிமிடமும் யோசிக்கவில்லை.

"உது பிறவியிலை இருந்தே அப்பிடித்தான் றெஜினா. பிறக்கேக்கையே ஒரு கண் சின்னன்."

"அப்பிடியோ? சின்ன வயசுப் படம் ஏதும் இருந்தாக் காட்டுங்கோவன்."

மறுநாள் காலை கடை திறக்கும்போதே லூர்த்தக்கா வாசலில் நின்றார். கையில் எமில் ஒன்பது வயதில் முதல் நற்கருணை வாங்கியபோது எடுத்த புதுநன்மைப் படம். வெள்ளைக் காற்சட்டை, வெள்ளைச் சேட்டு, கையில் மெழுகுதிரி, எண்ணெய் வைத்து வாரிய தலை. இருபது வருடத்துக்கு முதல் நான்தான் பிடித்தேன். இரண்டு கண்ணும் அளவெடுத்தது போல ஒன்றாக இருந்தன.

"தம்பி, இதிலை இடது கண்ணை ஒருக்காச் சின்னனாக்கித் தா."

"என்னக்கா விசர்க் கதை கதைக்கிறியள்?"

"நீ செய்யாத வேலையோ? அந்தோனியின்ரை பெட்டையின்ரை மாறுகண்ணையே நேராக்கினனி. அவள் இப்ப லண்டனிலை மூண்டு பிள்ளை."

அவர் கதிரையில் இருந்து அழத் தொடங்கினார். "இவன் இந்தக் கடலிலை கிடந்து சாகப்போறான் லெனாட். இந்தச் சம்பந்தம் விட்டால் வேறை ஆர் வருவினம்? குடுகாரன் எண்டு ஒருக்காக் கதை கிளம்பினால் பிறகு பெட்டையும் இல்லை, படகிலையும் ஏத்தமாட்டாங்கள்." அவ்வளவும் உண்மை. எமில் குடு அடிக்கிறவன் இல்லை என்பதும் உண்மை. இரண்டு உண்மைக்கு நடுவில் ஒரு சின்னப் பொய்தானே என்று எனக்கும் தோன்றியது.

படத்தை ஸ்கான் பண்ணி முகத்தை மட்டும் பெரிதாக்கினேன். இடது கண்மணியைச் சுருக்கினேன். அவர் கேட்டது அவ்வளவுதான். ஆனால் எனக்குத் திருப்தி வரவில்லை. கண்மணி மட்டும் சிறுத்தால் செய்த வேலை என்று தெரிந்துவிடும் என்று பட்டது. ஆறு நாளுக்கு முதல் எடுத்த பதிவுப் படத்தைப் பக்கத்தில் திறந்து வைத்துப் பார்த்து, இமையையும் அதே நூலளவு பதித்தேன். பிறகு பழைய மங்கல் பிடித்த தாளில் அச்சடித்து, மூலையை மடித்து நிமிர்த்தி, பழைய மட்டையிலேயே ஒட்டினேன். நல்ல வேலை. வாயெல்லாம் பல்லாக நானே அதைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன்.

படத்தைப் பார்த்து றெஜினா நம்பினார். ஆனாலும் பாரிஸில் லவீனாவின் தகப்பன்காரன் கேட்பார், ஒரு கண் டொக்டரிடம் கடிதம் வாங்கினால் வாயை மூடிவிடலாம் என்றார். புதன்கிழமை ரவுணில் ஒரு தனியார் கிளினிக்குக்குப் போனோம். படம் பிடித்தவனும் பக்கத்தில் நின்றால் படத்துக்குப் பலம் என்று லூர்த்தக்கா என்னையும் இழுத்துக்கொண்டு போனார்.

டொக்டர் வயதானவர், நிதானமானவர். அவசரப்படுகிற டொக்டராக இருந்திருந்தால் அவர்மேல் பழியைப் போட்டுவிட்டு நான் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். அவர் அறை லைட்டை நூத்து இருட்டாக்கினார், சின்ன ரோர்ச்சால் பக்கவாட்டில் அடித்துப் பார்த்தார், அளவுகோல் பிடித்தார். இருட்டில் வலது கண்மணி மளமளவென்று விரிய, இடது பின்னுக்கு நின்றது. இமையை விரலால் தூக்கிப் பார்த்தபோது அவருடைய முகம் மாறியது.

"இது எப்ப தொடக்கம்?"

"பிறவியிலை இருந்தே டொக்டர்," லூர்த்தக்கா.

"வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ. பழைய படம் ஏதும் இருக்கோ?"

லூர்த்தக்காவின் முகத்தில் அப்போது வந்த வெளிச்சத்தை நான் மறக்கமாட்டேன். பையைத் திறந்து படத்தை நீட்டினார். டொக்டர் அதை ஜன்னலடிக்குக் கொண்டுபோய் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார்.

"ஆர் எடுத்த படம்?"

"நான்தான் எடுத்தனான் டொக்டர். புதுநன்மை அண்டைக்கு," என்றேன். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவர் மூச்சு விட்டுக்கொண்டு வந்து கதிரையில் இருந்தார். "கண்மணி மட்டும் எண்டால் பரவாயில்லை, அஞ்சு பேரிலை ஒராளுக்கு அப்பிடிக் கொஞ்சம் வித்தியாசம் இருக்கும். இமையும் இறங்கியிருந்ததாலைதான் பயந்தனான். அது புதுசா வந்திருந்தா இண்டைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பன். படத்திலை அந்த இமையும் அப்பிடியே கிடக்கு. ஆகப் பிறவிதான்." பிறகு எமிலைப் பார்த்து, "வேறை ஏதும் கரைச்சல்? தலையிடி, கழுத்து நோ?" என்று கேட்டார்.

எமில் என்னைப் பார்த்தான். நான் நிலத்தைப் பார்த்தேன். அவன் றெஜினாவைப் பார்த்தான், தாயைப் பார்த்தான்.

"ஒண்டும் இல்லை டொக்டர்."

கடிதம் கிடைத்தது. வெளியே வந்து எல்லோரும் ஐஸ்கிறீம் குடித்தோம். எமில் கழுத்தைத் தடவிக்கொண்டே குடித்தான்.

ஒன்பதாம் நாள், மத்தியானச் சாப்பாட்டின்போது அவனுடைய வலது கையிலிருந்து சோறு விழுந்தது. எடுக்கப் போனவன் கதிரையோடு சரிந்தான். லூர்த்தக்கா கத்திய கத்தலில் நான் கடையை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். ஓட்டோவில் என் மடியில் கிடந்தான். ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். வரவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டர் பிள்ளை வந்து பார்த்தது. கண்ணைத்தான் முதலில் பார்த்தது. அதற்குள் செய்தி கேட்டு றெஜினாவும் ஓடி வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார்.

"இந்த இடது கண் எப்ப இருந்து இப்பிடி? இந்தக் கிழமையோ, முதலோ?"

லூர்த்தக்கா மகனைப் பார்க்கவில்லை. றெஜினாவைத்தான் பார்த்தார். "பிறவியிலை இருந்தே பிள்ளை," என்றார். பை கையில் இருந்தது. அதற்குள் கைவிட்டுப் படத்தை எடுத்தார்.

அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன தகுதி இருக்கிறது? ஒரு அருள்நிறை மரியே செபம் சொல்லி முடிக்கிற நேரம் நானும் பேசாமல் நின்றேன். சொன்னால் கலியாணம் போகும், என் கடை போகும் என்றெல்லாம் அந்த நேரத்திலும் கணக்குப் பார்த்தேன். கோதாரி விழுந்த புத்தி. அந்தப் பிள்ளை படத்தை வாங்கிப் பார்த்துவிட்டு, "அப்ப கண் வேறை விசயம்," என்று சொல்லிக்கொண்டு எழுதப் போனபோதுதான் என் வாய் திறந்தது.

"பொய் டொக்டர். அந்தப் படம் நான் செய்தது. மூண்டு கிழமைக்கு முதல் இவனுக்குக் கண் ரெண்டும் ஒரே அளவு. சலூனிலை கழுத்து முறிச்ச பிறகுதான் கழுத்து நோ, அதுக்குப் பிறகுதான் கண்."

டொக்டர் பிள்ளை பேனையை வைத்துவிட்டு ஓடியது. கழுத்தை ஸ்கான் பண்ணினார்கள். கண்மணியை விரிக்கிற நரம்பு, கழுத்துக்குள்ளால் மூளைக்குப் போகிற பெரிய இரத்தக் குழாயோடு ஒட்டிக்கொண்டு கண்ணுக்கு வருகிறதாம். கழுத்தில் நெட்டி முறித்த முறியில் அந்தக் குழாயின் உட்பக்கம் கிழிந்து வீங்கியிருக்கிறது, வீக்கம் நரம்பை நசித்திருக்கிறது. கண் விரியாது, இமை தொங்கும். கிழிந்த இடத்தில் கட்டிய இரத்தம் ஒருநாள் கழன்று மூளைக்குப் போகும். எல்லாரும் கண்ணைப் பார்த்தோம். கண் கழுத்தைக் காட்டிக்கொண்டு இருந்தது.

"முதலே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டேன்.

"இரத்தம் கட்டாமல் இருக்கக் குளிசை குடுத்திருப்பம். அனேகமா இது வந்திராது," என்றது அந்தப் பிள்ளை. என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். "இப்பவெண்டாலும் சொன்னது நல்லது. இன்னொண்டு வராமல் பாக்கலாம்."

எமில் தப்பினான். வலது கையும் காலும் போயின. பேச்சும் போனது. றெஜினா ஒருதரம் பழங்கள் கொண்டு வந்து பார்த்தார். "வருத்தம் ஆருக்கும் வரும் லெனாட், அதை லவீனா தாங்கியிருப்பாள். பொய் சொன்ன குடும்பத்துக்கு எப்பிடிப் பெட்டையைக் குடுக்கிறது?" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ரோர்ச் அடித்துப் பார்த்த மனுசி. தாங்கியிருப்பாளாம்.

றெஜினா சொன்ன அந்தக் கதை காதில் விழ, லூர்த்தக்கா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து அவருக்கு நான்தான் எதிரி. படத்தைத் திருத்தியதற்காக அல்ல. அதைச் சொன்னதற்காக.

"நீ வாயைப் பொத்திக்கொண்டு நிண்டிருந்தால் லவீனா வந்து கட்டியிருப்பாள். பாரிஸிலை எத்தினை பெரிய டொக்டர்மார். என்ரை பிள்ளையை எழுப்பி நடக்க வைச்சிருப்பாங்கள். நீதான்ரா கெடுத்தனி. நாசமாய்ப் போவாய்," என்று தெருவில் நின்று மண் அள்ளி எறிந்தார். கேட்டவர்கள் என்னைப் பாவம் பார்த்தார்கள். மகனுக்கு இப்படி ஆனதில் மனுசிக்கு மூளை பிசகிவிட்டது என்றார்கள். இல்லை. பிசகவில்லை. என்னை எதிரியாக்காவிட்டால் இரவில் யாரோடு சண்டைபிடித்துக்கொண்டு அவர் படுக்கையில் கிடப்பது? தன்னோடுதானே.

அவர் ஞாயிறு பூசைக்குப் போகிற நேரம் பார்த்து நான் எமிலிடம் போகிறேன். விறாந்தையில் பிளாஸ்ரிக் கதிரையில் இருப்பான். பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிக்கொண்டு போய் மூன்று மாதத்தில் ஒரே ஒரு சொல் திரும்பி வந்திருக்கிறது. ஓம். தண்ணி வேணுமோ என்றால் ஓம். வேண்டாமோ என்றாலும் ஓம். அதற்கு அர்த்தம் வைத்துப் பார்க்கவேண்டாம், அவன் நினைக்கிறது ஒன்று, வாயில் வருகிறது அந்த ஒரு சொல்தான் என்று பயிற்சி கொடுக்கிற பெண் சொன்னாள்.

முதல் நாள் போனபோது நான் அவனுக்கு முன்னால் குந்தியிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். "அந்த இமையை அம்மா கேக்கேல்லை, எமில். நானாத்தான் பதிச்சனான். அதை விட்டிருந்தால் அந்த டொக்டர் அண்டைக்கே உன்னை அனுப்பியிருப்பார்." அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

"என்னை மன்னிப்பியோடா?"

"ஓம்," என்றான்.

நான் அழுதேன். அழுது முடித்து மூக்கைத் துடைத்த பிறகு, அந்தப் பெண் சொன்னது நினைவுக்கு வந்தது. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"என்னை அடிச்சுக் கொல்லவேணும் போலை கிடக்கோ?"

"ஓம்," என்றான். அதே குரல், அதே முகம்.

அதற்குப் பிறகு நான் அந்த இரண்டாவது கேள்வியைக் கேட்பதில்லை. ஒவ்வொரு ஞாயிறும் போகிறேன், முதல் கேள்வியை மட்டும் கேட்கிறேன், அவன் ஓம் என்றதும் எழும்பி வீட்டுக்கு வந்துவிடுகிறேன்.